ஒரு கட்டம் தள்ளி

12-3-2002, செவ்வாய்
இன்று எங்கள் குழுத் தலைவர் கோதண்டராமன் சுகாதாரத் துறை அதிகாரிகளிடம் கைக்கருவியைக் காட்டினார். கிராமத்து நர்சுகள் குழந்தைகளின் தடுப்பூசி விவரங்களைப் பதியும் கருவி. அதன் நினைவகத்தில் பதிவுகளைச் சேமித்துத் திரும்ப எடுக்கும் பகுதி முழுக்க நான் எழுதியது. ஏழு மாதம். "நானே உக்காந்து எழுதினேன் சார்" என்றார். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னை டீ ஊற்றச் சொன்னார். ஊற்றினேன் — ஏன் ஊற்றினேன்?

20-3, புதன்
என்னைச் சோதனைப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். "பிரதீபா எழுதுனது ரொம்ப ஸ்லோ." எல்லார் முன்னாலும்.

3-4, புதன்
என் நிரலில் கோதண்டராமன் செய்திருப்பதைப் பார்த்தேன். பதிவின் நடுவே புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு பதிவின் தலையிலும் நான் வைத்த பதிப்பு எண்ணை வேண்டாத சுமை என்று எடுத்துவிட்டார். அது இல்லாமல் பழைய பதிவு எது, புதியது எது என்று கருவிக்கு எப்படித் தெரியும்? பழையதைத் திறந்தால் எல்லாம் ஒரு கட்டம் தள்ளி ஏறும். இரண்டு தவணை போட்ட குழந்தைக்கு மூன்றாவதும் போட்டதாகக் காட்டும்.

சொல்ல வேண்டியது என் வேலை. சோதனை அறிக்கையில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாட்டட்டும்.

4-4
நன்றாகத் தூங்கினேன்.

6-5, திங்கள்
செய்யூர் பக்கத்திலிருந்து முதல் புகார்: போடாத ஊசியைப் போட்டதாகக் கருவி காட்டுகிறதாம். கோதண்டராமன் மத்தியானச் சாப்பாட்டை இரண்டு வாயோடு மூடிவைத்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பசித்தது.

8-5
நர்சு தப்பாகப் பதிந்துவிட்டார் என்று கோதண்டராமன் அறிக்கை கொடுத்துவிட்டார், பாவி. அம்சா என்கிற நர்சை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். இவளை நான் — இப்படி ஒருத்தி இருப்பாள் என்றே நினைக்கலையே.

11-5, சனி
பஸ் பிடித்துச் செய்யூர் போனேன். "நா கரெக்டாதாம்மா ஏத்துனேன். மெஷின் இன்னாத்துக்குப் பொய் சொல்லுது?" என்றாள் அம்சா. பதினொரு குழந்தைகளுக்கு மூன்றாவது தவணை தவறியிருக்கிறது. ஒன்றுக்குக் கக்குவான் இருமல். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

13-5, திங்கள்
நேற்று முழுக்க உட்கார்ந்து, பழைய பதிவுகளைப் பழைய வடிவத்திலேயே படித்துச் சரிசெய்யும் நிரலை எழுதினேன். அம்சா பதிந்தது அத்தனையும் சரி. கோதண்டராமன் மாற்றிய வரிகளையும் என் சோதனை அறிக்கையையும் மேலாளர் லக்ஷ்மிநாராயணன் மேசையில் வைத்தேன்.

"தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டியா?"

"ஆமா சார்."

மேலாளர் கூப்பிட்டு வந்த கோதண்டராமன் அந்த வரிகளை விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தார். அந்த முகத்துக்காகத்தான் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

24-6, திங்கள்
என்னையும் கோதண்டராமனையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் பெயர்ப்பலகையைக் கழற்றும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

இன்று செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் அம்சாவைப் பார்த்தேன். மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டாள். "அந்தப் பேப்பர்ல உன் கையெழுத்தும் கீதாமே" என்றாள். தலையாட்டினேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். உயிருக்கு ஆபத்தில்லை, இன்னும் மூச்சு வாங்குகிறது என்றாள்.

"குழந்தை பேர் என்ன?"

"மெஷின்ல கீது. பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.