அப்பா அறையின் ஜன்னல்

அன்பு மகளுக்கு,

காரியம் முடிந்து கிளம்பும்போது, "அம்மா, அப்பா ரூமைத் திறந்துடாதே, அவர் வாசனை போயிடும்" என்று சொன்னாய். நானும் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் துணியைச் செருகி வைத்தேன்.

இந்தப் புழுக்கத்தில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே இரண்டு தடவை எழுந்துபோய் அறையை எட்டிப் பார்த்துவிட்டேன்.

நேற்று மாடி வீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்னக்கா, உள்ள காளான் போட்டிருக்கீங்களா? எனக்கும் ஒரு கூடை குடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தேன். குப்பென்று அடித்தது. அலமாரியில் அப்பா சட்டையெல்லாம் பூசணம் பூத்துக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். பூசண வாடைதான் வந்தது. அவர் வரவில்லை.

ஜன்னலைத் திறந்துவிட்டேன். சட்டைகளைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறேன். சுவரை அவளே துடைத்துக் கொடுத்தாள்.

கோபப்படுவாய், தெரியும். நீ ஊரில் இல்லாதபோது நடந்ததைச் சொல்கிறேன். கடைசியில் மூச்சு முட்டியபோது அப்பா மருந்து கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "அந்த ஜன்னலைத் திறந்து விடேன்" என்றார். திறந்தேன். காற்று பட்டதும் முகம் தெளிந்து, என்னைப் பார்த்தார்.

இனி அதை நான் சாத்தமாட்டேன். நீ வந்து சொன்னாலும் சரி.

உன் அம்மா