நான் இறுக்கிக் கட்டிய ஸ்கூட்டர் உறை

என் பாசமுள்ள, கோபக்கார அண்ணைக்கு,

நேற்று மத்தியானம் மச்சாள் உங்கள் ஸ்கூட்டரின் முன்கண்ணாடியை உலக்கையால் அடித்து நொறுக்கிவிட்டார். ஐந்து வருடமாகக் கொட்டிலுக்குள் மூடிக் கிடந்ததை வெயிலுக்குள் இழுத்துவிட்டு, உறையைக் கிழித்தெறிந்து, கை ஓயும்வரை அடித்தார். பிறகு கத்தியால் சீற்றைக் குத்திக் கிழித்தார். உங்கள் மனைவிக்கு இவ்வளவு பலம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?

"வெயில் தின்னட்டும்! என்னை வலியில விட்டிட்டு இதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு செத்த மனுசன்!" என்று கத்தினார். நீங்கள் முகம் காணாத மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமி, அப்பாவுக்கு எங்களைவிட ஸ்கூட்டரோ விருப்பம்?" என்று என்னைக் கேட்டாள். நான் அவளை உள்ளே போய் விளையாடச் சொன்னேன். வெட்கங்கெட்டவள் நான்.

அந்த ஸ்கூட்டரோடு நீங்கள் பட்ட பாடு ஊர் சிரித்த பாடுதான். சீனன்குடாவில் வேலையிடத்தில் நிழல் இல்லை. கண்ணாடி மஞ்சளிக்கக் கூடாதென்று பேப்பர் ஒட்டினீர்கள். சீற்று வெடிக்கக் கூடாதென்று தேங்காய் எண்ணெய் பூசினீர்கள். அது இன்னும் மோசமாக வெடித்தது. கடைசியில், ஊருக்குச் சட்டை தைக்கும் என்னைக் கொண்டே கூடாரத் துணியில் உறை தைப்பித்தீர்கள். வீட்டில் நிற்கும்போது அதை மூடிக் கட்டுவது என் வேலையாயிற்று.

ஒருநாள் கச்சான் காற்று உறையைத் தூக்கியெறிந்துவிட்டது. சீற்றில் புதிதாக ஒரு வெடிப்பு. அளவு கொடுக்க வந்த பெண்கள் பார்த்திருக்க என் கன்னத்தில் அறைந்தீர்கள். "ஒரு முடிச்சு ஒழுங்காப் போட ஏலாதோ உனக்கு?" அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த அறையை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அண்ணை.

அடுத்த நாள் ஊரில் குழப்பம் என்று நீங்கள் வேலைக்குப் போகவில்லை. காலையில் நான் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டேன். காய்ந்தால் இறுகும் என்று தெரிந்தே போட்டேன். நகம் கிழியக் கழற்றட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

மத்தியானம் துறைமுகச் சந்தியில் கடைகள் எரியத் தொடங்கின. நிறைமாதமாக இருந்த மச்சாளுக்கு அறைக்குள் வலி வந்துவிட்டது. நீங்கள் முற்றத்துக்கு ஓடி முடிச்சைப் பிய்த்தீர்கள், பல்லால் கடித்தீர்கள். "கத்தியைக் கொண்டு ஓடி வா! அவளை ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போகவேணும், சனமெல்லாம் அங்கதான் ஒதுங்கியிருக்கு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினீர்கள்.

நான் குசினியிலிருந்து கத்தியோடு திரும்புவதற்குள் கடைகளை எரித்தவர்கள் வேலியை முறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் பொல்லடி உங்கள் தலையில் விழுந்தது. இரண்டாவது கயிற்றைப் பிடித்திருந்த கையில். விழுந்த பிறகும் அடித்தார்கள். எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. ஜீப் வரும் சத்தத்தில்தான் ஓடினார்கள். உறைக்குள் ஸ்கூட்டரில் ஒரு கீறல்கூட இல்லை.

கதவிடுக்கில் நின்ற என் கையில் கத்தி இருந்தது. நான் ஏன் வெளியே வரவில்லை?

கயிற்றைப் பிடித்தபடி கிடந்த உங்களைப் பார்த்து, ஸ்கூட்டரைக் காக்கப் போய்ச் செத்தார் என்று ஊர் கதைத்தது. மச்சாளும் நம்பினார். நீங்கள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது. பழியை உங்கள் மேல் போட்டுவிட்டு, ஐந்து வருடம் அவர் சமைத்ததைச் சாப்பிட்டேன்.

மச்சாள் இப்போது முற்றத்தில் உடைந்த துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். இதை எழுதி முடித்ததும் போவேன். உங்கள் மகளையும் கூப்பிட்டு, நீங்கள் யாருக்காக அந்த உறையை அவிழ்க்கப் போனீர்கள் என்று சொல்வேன். கட்டியது யார், ஏன் அப்படிக் கட்டினேன் என்பதையும் சொல்வேன். மச்சாள் அடித்தால் கையைத் தடுக்கமாட்டேன். இது சத்தியம், அண்ணை.

உங்கள் கூடப்பிறந்தவள்,
ஜெசிந்தா