தலைப்பை மாற்ற மாட்டேன்

நவம்பர் 18, செவ்வாய்

பேராசிரியர் இன்று என் ஆய்வுத் தலைப்பை மறுத்துவிட்டார். பிலிப்பீன்ஸ் பெண்கள் தகாலோக் மொழியில் எழுதிய சிறுகதைகளை ஆராயப்போகிறேன் என்றேன்.

“நீ தமிழ்ப் பெண். உன் அம்மாவைப் போல இங்கே இத்தாலியில் வீட்டுவேலை செய்பவர்களைப் பற்றி எழுதலாமே” என்றார்.

அம்மா வேலைக்குப் போன நாட்களில் என்னைப் பார்த்துக்கொண்டவர் மேல்மாடியில் இருந்த பிலிப்பீன்ஸ்காரர் மரிசெல் அன்ரி. அவருடைய மொழியில்தான் நான் முதலில் கதை கேட்டேன். அதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை.

“என்னோடு படிக்கும் பாவ்லோ ஜப்பானியக் கவிதையை ஆராய்கிறான். அவனிடம், நீ சிசிலிக்காரன், மீன்பிடிப்பைப் பற்றி எழுது என்றீர்களா?” என்று கேட்டேன்.

“அது இலக்கியம்” என்றார்.

“இதுவும்தான். வாசித்துவிட்டு மறுங்கள்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும், அம்மா வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டார்.

“எங்கட ஆக்களைப் பற்றியும் ஆராவது எழுதத்தானே வேணும், பிள்ளை?”

“ஓம் அம்மா, எழுதட்டும். நான் இதைத்தான் எழுதப்போறன்.”

அரிந்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டார். பிறகு, “அப்ப மாத்தாதை” என்றார்.

ஒரு தகாலோக் கதையை இத்தாலிய மொழியில் மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டேன். முடிந்ததும் பேராசிரியரின் மேசையில் வைப்பேன். அது இலக்கியம் இல்லையென்றால், எந்த வரியில் இல்லையென்று அவர் காட்டட்டும்.