ஆயுசுக்கும் ஒரு ஆம்ப்

அக்டோபர் 6, 1993. ராஜபாளையம்

காலையிலிருந்து தூறல். பகல் ஷிப்ட். வாங்க வேண்டியவை: சைக்கிள் டியூப், செல்விக்குத் தைலம், கிட்டாருக்கு முதல் கம்பி 2.

மில் வாசலில் இஸ்மாயில் அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் மெல்லிசைக் குழுவில் நான்தான் கிட்டார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"இனி கீபோர்டுக்காரர் ஒருத்தரே போதும்னு ஆயிருச்சுலே கணேசா. கிட்டார் சத்தமும் அதுலயே வந்துருது. மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

தன் டீயை முடித்துவிட்டு, "குடோன்ல ரெண்டு ஆம்ப் கெடக்கு. ஒண்ணு எடுத்துக்க. ஆயுசுக்கும் ஒனக்குத்தான்."

சரி என்றேன். டீ குடிக்கவில்லை. தைலம் மறந்துவிட்டது.

அக். 7

1. வால்வு ஆம்ப்ளிஃபயர். அண்ணன் கையால் செய்தது. தேக்குப் பெட்டி, தூக்க ரெண்டு ஆள். என் முதல் கச்சேரி, சுந்தரபாண்டியத்தில், இதில்தான். இது ஒன்று என் வீட்டில் இருந்தால் போதும் என்று அன்றைக்கே ஆசை.
2. டிரான்சிஸ்டர். சிங்கப்பூர்ச் சரக்கு. ஒரு கையில் தூக்கலாம். ரிப்பேர் வராது.

செல்வி: "ரெண்டையும் வாசிச்சுக் கேட்டுட்டு எடுங்க. காதுதான சொல்லணும்?"

பெண்டாட்டியிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சில மாசமாகவே மில் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் ஓய்வதில்லை. சைக்கிள் மணி கேட்பதில்லை.

அக். 10, ஞாயிறு. ஸ்ரீவி.

சுள்ளென்று வெயில். மடவார் வளாகம் கோயிலுக்குப் பின்னால் குடோன். அண்ணனும் நானும் மட்டும்.

வால்வில் வாசித்தேன். டிரான்சிஸ்டரில் வாசித்தேன். மறுபடி வால்வு. ரெண்டும் ஒன்றுபோல. பயம்.

"இரைச்சலைக் கொறைலே" என்றார்.

"எந்த இரைச்சல்?"

என்னையே பார்த்தார். வந்து ஒரு குமிழைத் திருகினார். எனக்கு எதுவும் மாறவில்லை.

"ஒங்களுக்கு எப்பலருந்து தெரியும்ணே?"

"பங்குனியிலருந்து. முதக் கம்பி சுதி சேராமயே வாசிக்கே. ஒரு நாள்னா சரி. எல்லாக் கச்சேரியிலயும்..."

"அதுக்குத்தான் கீபோர்டா?"

குனிந்து கிட்டார் வயரைச் சுருட்டினார்.

"சொல்லியிருக்கலாம்லண்ணே."

"ஒங்கிட்டப் போயி எப்படிலே சொல்ல?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஏழு மாசம் மேடையில் அத்தனை பேர் முன்னால். எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதையும் எடுக்காமல் பஸ் ஏறினேன்.

அக். 13

லீவு. மதுரை, காது டாக்டர். செல்வியும் கூட. அவளிடம் முழுதும் சொல்லிவிட்டேன்.

"மில் சத்தம்தான். போனது வராது. வேலையை மாத்துனா மிச்சமாவது நிக்கும்." அவ்வளவுதான் டாக்டர். வேறு வேலை? நாற்பத்தொரு வயசு.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது செல்வி, "எங்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

அக். 17, ஞாயிறு

ஆம்ப் வேண்டாம் என்றேன். செல்வி விடவில்லை. குடோனுக்கு அவளே முன்னால் நடந்தாள். ரெண்டிலும் வாசிக்கச் சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள்.

"மரப்பெட்டிதாங்க. இன்னொண்ணுல ரேடியோ பாடுத மாதிரி இருக்கு. இதுலதான் நீங்க வாசிக்கிய."

என் ஆம்பை எனக்குக் கேட்டுச் சொல்ல இன்னொரு ஆள். இருந்தாலும் வால்வே. அண்ணன் வேன் பிடித்து, கூடவே வந்து இறக்கிவைத்துவிட்டுப் போனார். சாப்பிடச் சொல்லியும் உட்காரவில்லை.

அக். 18

மழை இல்லை. ஷிப்ட் முடிந்து நேரே வீடு. அரை நிமிஷம் வால்வு சூடாகட்டும் என்று காத்திருந்து, செல்விக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்று. முழுசாக வாசித்தேன்.

"எப்படி?"

"நல்லாருக்குங்க" என்றாள். உடனே சொன்னாள். முதல் கம்பி சுதி சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.