ஓடுகிற பியானோ

மார்ச் 3, திங்கள்

பதினோராவது வீடியோவும் போட்டாயிற்று. முப்பத்தெட்டு முறை பார்த்திருக்கிறார்கள். பாதி நான், மீதி அக்கா. தானியங்கிப் பியானோவை இளைஞர்களுக்கு எப்படித்தான் சொல்வது? காலால் மிதித்தால் துருத்தி காற்றை இழுக்கும், துளையிட்ட காகிதச் சுருள் ஓடும், கட்டைகள் தாமாக இறங்கி எழும். சொன்னேன். "துக்கம் விசாரிக்க வந்தவ மாதிரி பேசுறேடீ" என்கிறாள் அக்கா.

இந்தக் கோடைக்குள் இளைஞர் கூட்டம் வராவிட்டால் எங்கள் அருங்காட்சியகத்தின் பியானோ அறை காப்பிக்கடை ஆகிவிடும். இயக்குநர் சொல்லிவிட்டார். அங்கே இருப்பது நான்கு. மூன்று செத்தவை. ஒன்றுதான் ஓடுகிறது.

மார்ச் 7

செத்தவற்றில் ஒன்றைக் கீழே இறக்குவதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கயிறு அறுந்தது. பியானோ படிக்கட்டில் உருண்டது, கம்பிகள் தெறித்தன, அந்தச் சத்தத்துக்குள் ஒரு மனிதக் கத்தல். சுமை தூக்குபவரின் வலது கை அடியில். இரண்டு விரல்கள் கூழாகிவிட்டன. என் கைக்குட்டையால் கட்டினேன்; ரத்தம் நிற்கவில்லை.

மேல்படியிலிருந்து இயக்குநர் கேட்ட முதல் கேள்வி: "ரெக்கார்டு ஆச்சா மேடம்?"

மார்ச் 10

என்னைக் கேட்காமலே இயக்குநர் அந்த வீடியோவைப் போட்டிருக்கிறார். ஒன்பது லட்சம் பேர். "செம அடி." "விரல் போனா போகுது, சவுண்டு வேற லெவல்." எழுதியவர்களின் படங்களைப் பார்த்தேன். பால்மணம் மாறாத முகங்கள்.

மார்ச் 15

வீடியோ பார்த்து வந்த கூட்டத்துக்காக மிச்சமிருந்த இரண்டு செத்தவற்றையும் முற்றத்தில் வைத்து உடைத்தார்கள். இல்லை, உடைத்தோம். வரிசை வாசல் தாண்டி நின்றது. தலையில் ஒரு பக்கம் மட்டும் மழித்திருந்த பெண்ணொருத்தி சம்மட்டியை என்னிடம் நீட்டினாள்.

"ஒரே ஒரு போடு போடுங்க ஆன்ட்டி. மனசுல யாரையாச்சும் நெனச்சுக்குங்க."

யாரையும் நினைக்கவில்லை. ஓங்கிப் போட்டேன். பலகை பிளந்தது. இன்னொன்று. இன்னொன்று. அவள்தான் பிடுங்கிக்கொண்டாள். நன்றாக இருந்தது — ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது?

மார்ச் 16

தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை.

மார்ச் 20

"அடுத்தது அந்த நாலாவது. வோட்டு வச்சேன், உடைக்கத்தான் சொல்றாங்க" என்றார் இயக்குநர்.

"அது ஓடுது சார்."

"ஓடுறதை உடைச்சாத்தான் மேடம் பாப்பாங்க."

மார்ச் 22

உதடு வீங்கியிருக்கிறது. மூன்று தையல்.

முற்றத்தில் பியானோ, எதிரே மூங்கில்போல உயர்ந்த தாங்கியில் இயக்குநரின் போன், நேரலை. நான் போய்ச் சுருளை மாட்டி உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினேன். கட்டைகள் கைபடாமல் ஓடின. சம்மட்டியோடு அதே பெண் வந்தாள். "எந்திரிங்க ஆன்ட்டி." நான் இன்னும் அழுத்தி மிதித்தேன். அவள் கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை இறங்கிவிட்டது.

"அடிம்மா! என்ன வேடிக்கை பாக்குறே?" இயக்குநர் என் தோளைப் பிடித்து இழுத்தார். விழுந்தேன். பெஞ்சு முனை வாயைக் கிழித்தது. கால் விலகியதும் பாட்டு செத்தது.

"யோவ், கையை எடுய்யா!" — அவள்தான்.

பிறகு சம்மட்டி எப்படி என் கைக்கு வந்தது? தெரியவில்லை. போன் தூள். தாங்கி தூள். மேசை. அவர் ஓடினார், நானும் கொஞ்ச தூரம் ஓடினேன். அதுதான் பயமாக இருக்கிறது. எட்டியிருந்தால்?

மார்ச் 24

எனக்குத் தற்காலிகப் பணிநீக்கம். இயக்குநர் நீண்ட விடுப்பில். நான் ஓடியதைச் சுற்றி நின்ற எல்லோரும் படம் பிடித்திருக்கிறார்கள். எனக்கு இப்போது பெயர் 'சம்மட்டி ஆன்ட்டி'. அக்கா: "நீயாடீ அது? ஒரு கரப்பானைக்கூட அடிக்க மாட்டியேடீ!"

ஏப்ரல் 6, ஞாயிறு

டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். காவலாளிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எல்லாம் உங்களைத்தான் கேக்குறாங்க மேடம். ஒருத்தன் சம்மட்டியோட வந்தான், செல்ஃபி எடுக்கணுமாம். வாங்கி வச்சிருக்கேன்."

பியானோ அறையில் வரிசை. மழித்த தலைக்காரிதான் ஒழுங்குபடுத்துகிறாள், ஆளுக்கு ஒரு சுருள். எல்லோரும் கட்டைகளை அல்ல, என்னைப் பார்த்தார்கள். ரசிகர்கள்! என்னத்துக்கு?

வரிசைக் கடைசியில் கையில் கட்டோடு ஒருவர். ஒன்பது லட்சம் பேர் பார்த்த ஆள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"இதுக்குக் கை வேணாம்ல?" என்று என்னைக் கேட்டார்.

"வேண்டாம். கால் போதும்."

உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மிதித்தார். மிதியா அது? யாரையோ மிதித்தார். கண்ணாடிச் சன்னல் அதிர்ந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள்.

அந்தப் பெண் போனை உயர்த்தினாள். பிறகு என் கையைப் பார்த்தாள். வெறும் கைதான். இருந்தாலும் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.