அடுப்புக் கணக்கு

பங்குனி 2, திங்கள்

காலையிலேயே வெயில். சோடா மெஷினுக்குக் காஸ் சிலிண்டர் திருச்சியிலிருந்து இன்னும் வரவில்லை. லாரிக்காரர் ‘நாளைக்கு’ என்கிறார். எந்த வாரத்து நாளை என்று நான் கேட்கவில்லை.

வாங்க வேண்டியது: ரப்பர் வாஷர், எலுமிச்சை எசென்ஸ், சர்க்கரை, சட்டைக்குப் பொத்தான்.

பத்து மணிக்கு முனிசிபல் ஆபீசிலிருந்து ஓவர்சியர் வந்தார். கும்பகோணத்துப் பக்கத்துப் பையன், நல்ல மாதிரி. கூட அளவுச் சங்கிலியோடு இரண்டு ஆட்கள், ஒரு தார் டப்பா, பிரஷ். புது பஸ் ஸ்டாண்டு வரப்போகிறதாம். எங்கள் லாயச் சந்து முழுவதும் அதற்குள் போகிறது. சமஸ்தானத்துக் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போட்டவர்களுக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம் இது. சமஸ்தானம் இணைந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. குதிரைகள் போய்விட்டன, புல் அறுத்தவர்கள் மட்டும் மிச்சம். பட்டா ஒருத்தரிடமும் இல்லை. எனக்கும் இல்லை.

வீட்டுக்கு வீடு கதவில் தாரால் நம்பர். கடையும் வீடும் எனக்கு ஒன்றுதான்; அந்தக் கதவிலும் விழுந்தது. தேக்குக் கதவு, மாமனார் செய்து கொடுத்தது. தார் வழிந்து பார்க்க அசிங்கம்.

வள்ளியக்கண்ணு வீட்டைத் தாண்டிப் போய்விட்டார் ஓவர்சியர். பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக் கூடையோடு உட்காருகிறவள், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். சும்மா விடுகிற ஆளா?

“தம்பி, இங்கிட்டு ஒரு வீடு இருக்குல்ல. நம்பர் போடாமப் போறீங்க?”

“கதவு இல்லியேம்மா. ஓலைத் தட்டியில எப்படிம்மா தார் அடிக்கிறது?”

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது அப்போது.

பங்குனி 5, வியாழன்

வெயில் மே.படி. சிலிண்டர் வந்தது.

ஆபீஸ் சுவரில் நோட்டீசு ஒட்டியிருக்கிறார்கள். போய்ப் படித்தேன். கதவு உள்ளது வீடு. வீட்டுக்கு மாற்று மனை உண்டு. தட்டி வைத்தது கொட்டகை. கொட்டகைக்கு ஒன்றும் இல்லை, பிரித்துக்கொண்டு போகலாம். சந்தில் பாதிக்கு மேல் தட்டிதான்.

வந்து வள்ளியக்கண்ணிடம் சொன்னேன். மாவுக்கையைக் கழுவாமலே கேட்டாள். “அப்ப இம்புட்டு நாளும் நான் கொட்டகையிலயா புள்ள பெத்தேன்?” என்றாள். ஒரு சோடா உடைத்துக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

என் கதவில் நம்பர் இருக்கிறது, எனக்குக் கவலை இல்லை. இப்படி எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. கிளப்புக் கடைச் சாம்பாரும் ஒரு காரணம்.

பங்குனி 9, திங்கள்

காற்று. புழுதி. பாட்டில் கழுவின தண்ணீரெல்லாம் செம்மண்.

ஜட்கா ஓட்டுகிற கருப்பையா எங்கேயோ இடித்த வீட்டிலிருந்து ஒரு பழைய கதவு வாங்கி வந்து தன் குடிசை வாசலில் சாத்தி வைத்தான். நிலை கிடையாது, கீல் கிடையாது, சும்மா சாத்தியது. பார்க்கக் கூட்டம். ‘கருப்பையா மாளிகை’ என்று யாரோ பேர் வைத்தார்கள். சாயங்காலக் காற்றில் கதவு சாய்ந்து அவன் ஆட்டின் மேலேயே விழுந்தது. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை, கதவு இரண்டாகப் பிளந்தது.

“ஏண்டா, கதவு இருந்தா மட்டும் மனை குடுத்துருவானாக்கும்?”

“கதவு இருக்கவன் பேசுறான் பாரு.”

கடை வாசலில் கேட்டது. இரண்டாவது குரல் யாருடையது என்று திரும்பிப் பார்க்கவில்லை. என்னைச் சொன்னது போல இருந்தது.

பங்குனி 11, புதன்

சந்துக்காரர்கள் எல்லாரும் என் கடை முன்னால் கூடினார்கள். இரண்டு பெட்டி சோடா காலி. ஆபீசுக்குப் போய் நேரில் கேட்பதென்று முடிவு. கேட்க வேண்டியவை:

தட்டி வீட்டுக்கும் மனை.
குழாய் முதலில், குடிபோவது பிறகு.
கம்மாய்க்கு அங்கிட்டு இடம் கொடுத்தால் வேண்டாம். ஐப்பசியில் முங்கிவிடும், வள்ளியக்கண்ணு இட்லிக் கூடையோடு டவுனுக்கு வந்து போகவும் முடியாது.

பேசுவதற்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டேன். “அண்ணே, ஒங்க மூஞ்சியில கோவம் வந்தாலும் தெரியாது, சந்தோசம் வந்தாலும் தெரியாது. ஆபீசுக்கு அதான் சரி” என்றாள் வள்ளியக்கண்ணு. எல்லாரும் சிரித்தார்கள். என் சம்சாரம் மீனாட்சியும் இதையேதான் சொல்வாள், ஆனால் சிரிக்கமாட்டாள்.

பங்குனி 16, திங்கள்

வெள்ளைச் சட்டை, பொத்தான் தைத்து. வள்ளியக்கண்ணு, கருப்பையா, நான் ஆகப் பேர் மூன்று. நெடுநேரம் பெஞ்சில். விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சில் ஏற்கெனவே ஆள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. முழுவதும் கேட்டார். குழாய் ‘பார்க்கலாம்’ என்றார். கம்மாய்க்கு இந்தப் பக்கமே மனை தரலாம் என்றார். கதவு விஷயத்தில்தான் பிடிவாதமாக நின்றுவிட்டார்.

“கதவை விட்டா வேற எதை வச்சு எண்ணுறது? தலையை எண்ணினா அக்கம்பக்கத்து ஊர்த் தலையெல்லாம் வந்து நிக்கும். சுவரை எண்ணினா ராத்திரியோட ராத்திரியா சுவர் முளைக்கும். நீங்களே சொல்லுங்க.”

அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். “அடுப்பை எண்ணுங்க ஐயா. எங்க பக்கம் அண்ணந்தம்பி பாகம் பிரிஞ்சா, அடுப்புப் பிரிஞ்சுருச்சுன்னுதான் சொல்லுவோம். கதவு இல்லாம குடும்பம் இருக்கும். அடுப்பு இல்லாம இருக்காது.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “பொய்யா அடுப்புப் போட்டு வச்சா?”

“எங்க சந்துல பொய் அடுப்பு இருக்காதுங்க. நான் பொறுப்பு.”

சம்மதித்துவிட்டார். கடைகள் மட்டும் கணக்கில் சேராது, புது பஸ் ஸ்டாண்டுக் கடைகள் ஏலத்தில் போகும் என்றார். சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்ததும் கருப்பையா என்னை ஜட்காவில் ஏற்றி ராஜவீதி வழியாக ஒரு சுற்று அதிகமாகவே ஓட்டினான். பெருமையாகத்தான் இருந்தது. இங்கே எழுதுவதில் என்ன வெட்கம்?

பங்குனி 18, புதன்

நார்த்தாமலைத் திருவிழாவுக்குச் சரக்கு தயார். கோலி மாட்டாத பாட்டில்களைத் தனியே எடுத்து வைத்தேன். ஒரு பாட்டில் மெஷினிலேயே வெடித்தது. கையில் சின்னக் கீறல்.

முத்துவும் அவன் தம்பி செல்லையாவும் இருக்கிற வீட்டில் திடீரென்று இரண்டாவது அடுப்பு. ஒரே உலைப்பானை, ஒரே குழம்புச்சட்டி, அடுப்பு மட்டும் இரண்டு. நானே போய் நின்று இடிக்கச் சொன்னேன். அதிகாரியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். முத்து காலால் மிதித்து உடைத்தான். செல்லையா என் காதில் படும்படி, “சோடாக்காரருக்கு என்ன, தேக்குக் கதவு” என்றான். செய்தது சரிதான். ஆனாலும் நாலு பேர் பார்க்க உடைக்கச் சொல்லியிருக்க வேண்டாம்.

பங்குனி 20, வெள்ளி

நார்த்தாமலைக்குக் கிளம்புகிறேன். மாட்டுவண்டியில் பெட்டிகள். தேர் முடிந்துதான் திரும்புவது. சாவி வள்ளியக்கண்ணிடம்.

பங்குனி 24, செவ்வாய்

வந்து சேர்ந்தேன். நல்ல வியாபாரம். தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் மொத்தமும் என் பெட்டிக்கே வந்துவிட்டதோ என்றிருந்தது. கால் இரண்டும் மரத்துவிட்டன.

சந்துக்குள் நுழைந்தால் வாசலுக்கு வாசல் சுண்ணாம்பில் ஒரு வட்டம். சனிக்கிழமையே அடுப்பு எண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். வள்ளியக்கண்ணு வீட்டில் தட்டிக்கு அடியில் மண்ணிலேயே வட்டம் போட்டு, யாரும் மிதிக்காமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்திருக்கிறாள். கருப்பையா வட்டத்தில் சாயங்காலம் விளக்கு வைக்கிறானாம்.

என் கதவில் வட்டம் இல்லை. பழைய தார் நம்பரின் மேல் ஒரு குறுக்குக் கோடு. பக்கத்தில் ‘கடை’ என்று எழுதியிருக்கிறது.

“நான் தொறந்து எல்லாத்தையும் காட்டினேண்ணே. இங்கன மிசினு, இங்கன பெட்டி, இந்தா அவரு படுக்கிற கட்டிலுன்னு. அடுப்பு எங்கம்மான்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்லுவேன்?”

அவள் சொல்வதற்கு ஒன்றும் இல்லைதான். மீனாட்சி இறந்துபோன மறுமாசம் அடுப்பை நானே இடித்தேன். அந்த இடத்தில் சோடாப் பெட்டிகளை அடுக்கினேன். அந்த வருஷத்து நோட்டில் ‘இடம் தேவைப்பட்டது’ என்று எழுதியிருப்பேன். நாலு வருஷமாக மூன்று வேளையும் கிளப்புக் கடைதான்.

பங்குனி 25, புதன்

ஆபீஸ். ஓவர்சியருக்கு என் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. “விதி நீங்க சொன்னதுதானே சார்” என்றார். இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுப்பு இல்லாததால் வீடு இல்லை. ஆகவே மனை இல்லை. கடை ஏலத்தில் பணக்காரர்களோடு நின்று கேட்க என்னால் முடியாது. ஆகவே கடையும் இல்லை. அடுப்பு இல்லாமல் குடும்பம் இருக்காது என்று அவ்வளவு தெளிவாகப் பேசினேனே, அப்போது என் நினைவு எனக்கே வரவில்லை.

“ஆட்சேபணை இருந்தா வெள்ளிக்கிழமை காலையில இன்னொரு தரம் வந்து பாக்குறேன் சார். அதுக்கு மேல என் கையில இல்லை.”

வருகிற வழியில் முத்து எதிரே வந்தான். விஷயம் அவனுக்குத் தெரியும். சிரிப்பான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பங்குனி 26, வியாழன்

வெயில் மே.படி. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் குழைத்த மண், வைக்கோல், சாணம். வள்ளியக்கண்ணு, அவள் பெண்கள், கருப்பையா சம்சாரம். மண் சுமந்து வந்தது முத்துவும் செல்லையாவும்.

வேண்டாம் என்றேன். “பொய் அடுப்புக் கூடாதுன்னு முத்து வீட்டு அடுப்பை நான்தான் ஒடைக்கச் சொன்னேன். இப்ப எனக்கே ஒண்ணு போட்டுக்கிட்டா ஊரு என்னை என்ன சொல்லும்?”

“ஊரு இங்கதான நிக்குது. கேட்டுப் பாருங்க” என்றாள் வள்ளியக்கண்ணு.

முத்துதான் வாயைத் திறந்தான். “எங்க வீட்டுல ரெண்டாவது அடுப்புல யாரும் சமைக்கலை, அதனால அது பொய்யி. நீங்க சமைச்சுச் சாப்பிட்டா இது நெசம். அம்புட்டுத்தானே? பெட்டியை நகத்தட்டுமா?”

சமைக்கத் தெரியாது என்றேன். அது தனி விஷயம் என்றான் செல்லையா.

பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். பின்னால் சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி. வெள்ளையடித்தபோது பெட்டியை நகர்த்தச் சோம்பல் பட்டு அந்த இடத்தை விட்டிருக்கிறேன். கரிக்கு நடுவில், கரண்டி மாட்டுகிற ஆணி அப்படியே இருந்தது.

“எடம் தேட வேண்டாம். அக்கா அடுப்பு இங்கனதான் இருந்துச்சு” என்று வள்ளியக்கண்ணு உட்கார்ந்து மண்ணை அப்ப ஆரம்பித்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டில் எண்ணுகிற சாக்கில் வாசலுக்கு வந்துவிட்டேன். பாட்டிலை எண்ணவும் இல்லை.

பங்குனி 27, வெள்ளி

ஓவர்சியர் ஒன்பதுக்கு வந்தார். குனிந்து, அடுப்பின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். ஈரம் முழுவதும் காயவில்லை.

“இது நேத்துப் போட்டது சார்.”

“ஆமா தம்பி. நேத்துத்தான் போட்டது.”

இப்படி ஒத்துக்கொள்வேன் என்று அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது. சுண்ணாம்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“ஒரு ஒலை கொதிக்கிற வரைக்கும் இருங்க தம்பி. அப்பறம் ஒங்க மனசுல பட்டதை எழுதுங்க” என்று வள்ளியக்கண்ணு அவருக்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். உதவிக்கு வந்த பெண்களை அவளே வெளியே போகச் சொன்னாள். நான் தனியாகச் செய்ய வேண்டுமாம்.

விறகு பற்றவில்லை. புகை. கண்ணெல்லாம் எரிச்சல். ஓவர்சியர் ஒரு கலர் சோடா குடித்துக்கொண்டே, “கொஞ்சம் வெளிய இழுங்க சார், காத்துப் போகணும்” என்றார். அவர் அம்மாவுக்கு அடுப்பு மூட்டிக் கொடுப்பாராம். இழுத்தேன். பற்றியது. சோறு கொஞ்சம் அடிப்பிடித்தது. ரசம் என்று ஒன்று வைத்தேன். அவர் எதிரிலேயே இலை போட்டுச் சாப்பிட்டேன்.

எழுந்து டப்பாவைத் திறந்தார். பிரஷ்ஷை நனைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தினார்.

“நாளைக்கும் எரியுமா சார்?”

“எரியும்.”

“புது வீட்டுலயும்?”

“அங்கயும் எரியும் தம்பி.”

‘கடை’ என்ற எழுத்தின் மேல் சுண்ணாம்பை அடித்து, அதன் மேலேயே வட்டம் போட்டார். குழாய் எப்போது என்று வாசலில் நின்ற வள்ளியக்கண்ணு விடாமல் கேட்டாள். அதிகாரியிடம் ஞாபகப்படுத்துவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை குழாய்க்காக மறுபடியும் போக வேண்டும், எல்லாருமாக.

கிளப்புக் கடையில் இனிமேல் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

வாங்க வேண்டியது: அரிசி, விறகு, அகப்பை, ரப்பர் வாஷர். புளி. ரசம் இன்று ரசமாக இல்லை. மீனாட்சி எந்தக் கடையில் புளி வாங்குவாள் என்று வள்ளியக்கண்ணிடம் கேட்க வேண்டும்.