ஐப்பசிக்குப் படிக்க

மத்திய சிறை
02-10-2024

மதிப்பிற்குரிய நூலகர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ராஜவேலு. சொந்த ஊர் முசரவாக்கம். காஞ்சிபுரத்தில் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் நூலகம் இருக்கும் தெருவில் பட்டு நூல் மூட்டைகளை எத்தனையோ நாள் இறக்கியிருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. வாசலில் நின்று ஹாரன் அடித்ததற்கு உள்ளேயிருந்து ஒருவர் சத்தம் போட்டார். அது நீங்களாக இருந்தால் மன்னிக்கவும்.

ஒரு வழக்கில் எனக்கு ஏழு வருடத் தண்டனை. மூன்று வருடம் முடியப்போகிறது. எழுத்துக்கூட்டாமல் படிக்கவே இங்கு வந்துதான் பழகினேன். வெயில் காலத்தில் தோட்ட வேலை இருக்கும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் வெளியே விடமாட்டார்கள். நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்தால் மனம் கண்ட இடத்துக்குப் போகிறது. இங்கே இருக்கும் அலமாரியை இரண்டு முறை படித்து முடித்துவிட்டேன். வெளியே எழுதிக் கேட்க அதிகாரி ஐயா அனுமதி தந்திருக்கிறார். எனக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கத் தெரியாது. நீங்களே பார்த்து நான்கு அனுப்பினால் மழை முடியும்வரை ஓட்டிவிடுவேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
மு. ராஜவேலு


காஞ்சிபுரம்
14-10-2024

திரு. ராஜவேலு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு புத்தகங்கள் அனுப்பியுள்ளேன். கடற்பயணக் கதை ஒன்று, பறவைகளைப் பற்றி ஒன்று, சிறுகதைத் தொகுப்பு ஒன்று, நாவல் ஒன்று. நாவலை முதலில் படிக்கவும். பக்கங்களை மடிக்க வேண்டாம்.

இங்கும் மழை தொடங்கிவிட்டது. தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டதால் நெசவாளர்கள் பகலிலேயே பேப்பர் படிக்க வந்துவிடுகிறார்கள். உட்கார இடமில்லை.

என்ன வழக்கு என்று நீங்கள் எழுதவில்லை. விருப்பமிருந்தால் எழுதலாம்.

இப்படிக்கு,
நூலகர்


மத்திய சிறை
29-10-2024

அன்புள்ள நூலகர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். புத்தகங்கள் பத்திரமாக வந்தன. பிரித்ததும் வந்த காகித வாசனைக்கே நாலு பேர் கூடிவிட்டார்கள். பறவைப் புத்தகம் என் கைக்கு இன்னும் திரும்பி வரவில்லை. பக்கத்து அறை ஜான்சன் அதை வைத்துக்கொண்டு, சுவர்மேல் உட்காரும் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடற்பயணம் அருமை. அலை அடிக்கும்போது எனக்கே வயிற்றைப் புரட்டியது.

நீங்கள் முதலில் படிக்கச் சொன்ன நாவலைத்தான் முடிக்க முடியவில்லை. வேலைக்குப் போன புருஷன் திரும்பி வராமல் அந்தப் பெண் குழம்பைத் திரும்பத் திரும்பச் சுட வைக்கிறாளே, அந்த இடத்தில் மூடிவிட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம். அடுத்த முறை வேறு மாதிரி ஒன்று அனுப்புங்கள்.

வழக்கைக் கேட்டிருந்தீர்கள். வண்டி விபத்து. மழை, பொழுது சாய்ந்த மசங்கல் நேரம். எதிலோ இடித்த மாதிரி இருந்தது, மனிதன் என்று தெரியவில்லை. ஒருவர் இறந்துவிட்டார்.

தங்கள் உண்மையுள்ள,
ராஜவேலு


காஞ்சிபுரம்
07-11-2024

திரு. ராஜவேலு அவர்களுக்கு,

நான் ஐயா இல்லை. என் பெயர் பெரியநாயகி. பம்பு செட் மெக்கானிக் சிட்டிபாபுவின் மனைவி. 2021 நவம்பரில் தென்னேரி ஏரிக்கரையில் உங்கள் வண்டி இடித்தது அவரைத்தான்.

கோர்ட்டுக்கு என் தம்பி வசந்த்தான் வந்துபோனான். நான் ஒரு நாளும் வரவில்லை. அதனால் உங்களுக்கு என்னைத் தெரிய வாய்ப்பில்லை. உங்கள் பெயரும் ஊரும் எனக்கு மனப்பாடம். முதல் கடிதத்தில் அவற்றைப் பார்த்ததும் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். ஒரு வாரம் கழித்து எடுத்தேன். கேட்டவருக்குப் புத்தகம் கொடுப்பது என் வேலை. கொடுத்தேன். ஆனால் அந்த நாவலை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். நீங்கள் அதைப் படித்து வேதனைப்பட வேண்டும் என்று நினைத்தேன். இத்தனை வருட வேலையில் ஒருவரைக் காயப்படுத்துவதற்காக நான் புத்தகம் எடுத்தது அந்த ஒரு முறைதான். அது எனக்கே பிடிக்கவில்லை.

எல்லோரும் என்னிடம், "அந்த எடத்துலயே போயிட்டாரும்மா, வலியே தெரிஞ்சிருக்காது" என்றுதான் சொன்னார்கள். நான் நம்பவில்லை. உடலைப் பார்த்தபோது அவர் தொடையில் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அது எங்கள் வீட்டுத் துண்டு இல்லை. மூன்று வருடமாக அந்தத் துண்டைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை. உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் இறங்கினீர்களா?

பெரியநாயகி


மத்திய சிறை
21-11-2024

அம்மா அவர்களுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

இறங்கினேன். அந்தத் துண்டு என்னுடையது.

அன்று வாலாஜாபாத்தில் லோடு இறக்கிவிட்டுக் குடித்திருந்தேன். மழையில் அவருடைய மொபட் கண்ணில் படவில்லை. இடித்ததும் தெரிந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். காலிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டினேன். அவருக்கு நல்ல நினைவு இருந்தது. என்னைத் திட்டவில்லை. "எம் பொண்டாட்டிக்கு ஒரு போன் போடுப்பா. நான் வராம சாப்புடமாட்டா. காத்துக்கினு இருப்பா. சாப்புடச் சொல்லு" என்றார். நம்பரும் சொன்னார். போன் என் கையில்தான் இருந்தது. "இதோண்ணா, போடறேன்" என்றேன்.

அப்போது கரையின் அந்தக் கோடியில் பஸ் விளக்கு தெரிந்தது. என் வாயில் வாடை. லைசென்ஸ் போய்விடும், ஜெயில் என்று பயம் வந்தது. பஸ்காரன் பார்த்து நிறுத்துவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது அவர் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். பஸ் நிற்கவில்லை என்று கோர்ட்டில்தான் தெரிந்தது. அவர் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று எனக்குத் தெரியாது அம்மா.

மனிதன் என்றே தெரியாது என்று சொல்லச் சொன்னது வக்கீல். துண்டை வழியில் போன யாரோ கட்டியிருப்பார்கள் என்று அவரே வாதாடினார். சொல்லிச் சொல்லி அதுவே நடந்தது போல ஆகிவிட்டது. உங்களுக்கும் அதையே எழுதினேன். தை மாதம் என் அப்பீல் வருகிறது. அந்தப் பொய்யை வைத்துத்தான் விடுதலை கிடைக்கும் என்கிறார் வக்கீல். இந்தக் கடிதத்தை அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவார். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இனி நீங்கள் புத்தகம் அனுப்ப வேண்டாம்.

ராஜவேலு


காஞ்சிபுரம்
04-12-2024

திரு. ராஜவேலு அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் நூலகத்தைத் திறக்கவில்லை. புயல் மழை என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இடிபட்ட பிறகும் அவருக்கு ஒரு மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் அப்போதே வசந்த்திடம் சொன்னாராம். கடிதத்தைக் காட்டியபிறகுதான் அவன் வாயைத் திறந்தான். "உனக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டக்கா, அதான் சொல்லல" என்று அழுதான். துண்டு கட்டத் தெரிந்த நீங்கள் அந்தப் போனையும் போட்டிருந்தால் அவர் இன்று வீட்டில் இருந்திருப்பார். இதை நீங்கள் மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அது உண்மையில்லை. என்றாவது உண்மையாகுமா என்றும் தெரியவில்லை.

கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோர்ட்டில் அதைக் கொடுக்கச் சொல்லி வசந்த் ஒற்றைக் காலில் நிற்கிறான். நான் சம்மதிக்கவில்லை. அதைக் கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் பொறுப்பு. அவர் சொன்னதாக நீங்கள் எழுதிய வரிகளை மட்டும் என் கையெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். நேற்று அதைப் படித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

புத்தகம் நிற்காது. ஆனால் உங்களுக்காக இனி நான் அலமாரி முன்னால் நிற்க முடியாது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவியாளர் பாலாஜியிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு எதுவும் தெரியாது. எங்களிடம் உள்ள நூல்களின் பட்டியலை இத்துடன் வைத்துள்ளேன். வேண்டியதை நீங்களே தேர்ந்தெடுத்து அவருக்கு எழுதுங்கள். எனக்கு எழுத வேண்டாம்.

சி. பெரியநாயகி


மத்திய சிறை
19-12-2024

திரு. பாலாஜி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நூலகப் பட்டியல் கிடைத்தது. நான்கு நாள் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பெயரை மட்டும் வைத்து ஒரு புத்தகம் எப்படி இருக்கும் என்று கண்டுபிடிப்பது எனக்குச் சிரமமாகத்தான் இருக்கிறது. தவறாக எடுத்தாலும் பரவாயில்லை.

41, 118, 260 ஆகிய எண்களை அனுப்பவும். நான்காவது ஒரு நாவல். அது முன்பே உங்கள் நூலகத்திலிருந்து வந்து என்னிடம்தான் இருக்கிறது. பாதியில் விட்டிருந்தேன். அதை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். முதலிலிருந்து படிக்கிறேன்.

ஒரு தகவல். நான் தை மாதம் வெளியே வருவதாக இருந்தது. அன்று நடந்ததை உள்ளபடி எழுதி வக்கீலிடம் கொடுத்து, அப்பீலைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டேன். இன்னும் நான்கு ஐப்பசிக்கு இந்த முகவரியில்தான் இருப்பேன். அதனால் பட்டியலை நானே வைத்துக்கொள்கிறேன். இந்தத் தகவல் உங்கள் பதிவேட்டுக்கு மட்டும். நூலகர் அம்மாவிடம் நீங்களாகச் சொல்ல வேண்டாம். அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மு. ராஜவேலு